சங்கத்துக் கம்ப்யூட்டரில் எழுதியிருந்த பெயர்

2025 பிப்ரவரியில் நடந்த நம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் கடைசியில் எழும்பி முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டது. சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய இதழ்களின் ஃபோல்டர் காணவில்லை. ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்த காலத்திலிருந்து வந்த இதழ்களை, நம் பிள்ளைகள் நாலைந்து பேர் இரண்டு கோடை விடுமுறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்தது அது. அந்தக் காகிதப் பிரதிகளில் பாதியை அதற்குப் பிறகு வந்த மழையும் கரையானும் கொண்டுபோய்விட்டன என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

வைரஸ் என்றார் ஒருவர். "வைரஸும் இல்லை, ஒன்றுமில்லை. ஸ்விட்சைப் போட்டால் இன்னும் பழைய செயலாளர் பெயரும் படமும்தானே வருகிறது? அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறார்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போனார். "விண்டோஸ் லைசென்ஸே அவர் பெயரில் இருக்கிறது. நாளைக்கு அதையும் எடுத்துக்கொண்டால் மறுபடி நாம்தான் ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்."

பழைய செயலாளர் பதினொரு வருஷம் இந்தச் சங்கத்துக்கு உழைத்தவர். ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போனவர். அவரைப் பற்றி இப்படிப் பேச்சு வந்தது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் யாரிடமும் விவரம் இல்லை. "நீங்கதான் ரயில்வே ஆச்சே சார், மெஷின் விஷயம் உங்களுக்குத் தெரியாததா" என்று என் தலையில் கட்டினார்கள். நான் லோகோ ஷெட்டில் எஞ்சினோடு காலம் தள்ளிய டிப்ளமோக்காரன். கம்ப்யூட்டர் என் படிப்பில் இல்லை. ஆனாலும் ஒரு மாதம் படித்தும், விசாரித்தும், என் சொந்த லேப்டாப்பில் கையைச் சுட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மகனோ மருமகனோ வாங்கி அவர்கள் பெயரிலேயே செட்டப் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் இன்று நம் வீடுகளில் பாதியில் இருக்கிறது. ஆகவே இது சங்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

லைசென்ஸ் என்பது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் விண்டோஸ் வரிசையில் ஆக்டிவேஷன் என்ற சடங்கு தொடங்கியது. எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்கச் சாவியை அடித்து, இன்டர்நெட் மூலமோ டெலிபோன் மூலமோ பதிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 7 காலம் வரை அந்தச் சாவி சி.பி.யு. பெட்டியின் பக்கத்திலோ லேப்டாப்பின் அடியிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததும், தயாரிக்கும் கம்பெனிகள் சாவியை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதி அனுப்ப ஆரம்பித்தன. ஸ்டிக்கர் போயிற்று, நம் மக்கள் "சாவியே கொடுக்கவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோது, ஏற்கெனவே 7 அல்லது 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தனிச் சாவி கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவது போல, மெஷினின் உறுப்புகளைப் பார்த்து ஒரு குறிப்பு எடுத்து, மைக்ரோசாஃப்ட் தன் பதிவேட்டில் வைத்துக்கொண்டது. இதற்குத்தான் டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து, இந்தக் குறிப்பை ஒருவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு கோத்து வைக்கும் வழக்கம் வந்தது. நம் கூட்டத்தில் எழுந்த பயத்தின் மூலம் இந்தக் கோப்புதான்.

இதை என் தொழில் பாஷையில் சொன்னால் எனக்குச் சுலபம். ஒவ்வொரு எஞ்சினிலும் அது எங்கே, எந்த வருஷம் கட்டப்பட்டது என்று ஒரு தகடு இருக்கும். சித்தரஞ்சனில் கட்டியதென்றால் அது அந்த எஞ்சின் உள்ளவரை சித்தரஞ்சன்தான். எஞ்சினின் பக்கவாட்டில் அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பது பெயின்ட்டில் எழுதியிருக்கும். வேறு ஷெட்டுக்கு மாற்றல் ஆனால் பெயின்ட்டர் வந்து பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை எழுதிவிட்டுப் போவார். தகட்டை யாரும் தொடமாட்டார்கள். மெஷினோடு சேர்ந்து வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்தத் தகடு. அக்கவுன்ட் பெயர் பெயின்ட். பெயின்ட்டை அழித்தால் எஞ்சின் நின்றுவிடாது.

ஆனால் எல்லா லைசென்ஸும் தகடு அல்ல. கடையில் பெட்டியாகவோ இன்டர்நெட்டிலோ தனியாக விலை கொடுத்து வாங்கியது ரீடெயில் லைசென்ஸ். அதை ஒற்றைப் பாதையில் கொடுக்கிற டோக்கன் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியிடமிருந்து இன்னொரு வண்டிக்குப் போகலாம். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு வண்டியிடம் இருக்கக் கூடாது. மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ். அதில் ஒரு வகை, 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்று பார்க்க ஒரு வழி. கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தை ஒட்டி அடித்து, ஒரு இடம் விட்டு, வலப்பக்கம் சாயும் கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடியில் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் ஓ.இ.எம். என்று இருந்தால் மெஷினோடு வந்தது, ரீடெயில் என்றால் தனியாக வாங்கியது. வால்யூம் என்று வந்து, நீங்கள் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவர் இல்லை என்றால், ரிப்பேருக்குக் கொடுத்தபோது யாரோ "சும்மா போட்டுக் கொடுத்த" சரக்கு அது. அதை யார் அக்கவுன்ட்டிலிருந்து பிரிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை.

நம் சங்க மெஷின் 2022-ல் வாங்கிய விண்டோஸ் 11 ஹோம். ஜன்னலில் ஓ.இ.எம். என்று வந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸால் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு இணைந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. ஆக, லைசென்ஸ் பற்றிய பயம் அன்றே தீர்ந்துவிட்டது. பழைய செயலாளர் நினைத்தாலும் அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக முடியாது.

அவர் பெயர் அதில் ஏறியது எப்படி என்பதும் விளங்கியது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு, 2021-ல் வந்த நாளிலிருந்தே, முதல் தடவை செட்டப் செய்யும்போது இன்டர்நெட்டும் ஒரு அக்கவுன்ட்டும் கேட்கும். கடைப் பையன் "மெயில் ஐ.டி. சொல்லுங்க சார்" என்று கேட்டிருப்பான், பக்கத்தில் நின்ற செயலாளர் தம்முடையதைச் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிறகு எல்லாரும் நாலு இலக்க பின் நம்பரை வைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தோம். அவர் ஊரை விட்டுப் போகும்போது கல்லாப் பெட்டிச் சாவி, ரசீதுப் புத்தகம், பீரோ சாவி எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினோம். கம்ப்யூட்டருக்கு பின் நம்பரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டோம். ரயில்வேயில் ஒரு ஸ்பானருக்குக்கூடக் கணக்குக் காட்டாமல் சார்ஜ் கொடுக்க முடியாது. சங்கத்தில் அந்தப் பழக்கத்தை நான் எங்கோ தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஒரே பெயரில் லைசென்ஸோடு இன்னும் மூன்று சமாசாரம் தொங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸ் லைசென்ஸுக்காகப் பயந்தவர்கள் பயப்பட வேண்டியது இந்த மூன்றுக்குத்தான்.

முதலாவது ஒன்டிரைவ். அக்கவுன்ட்டோடு உள்ளே போனால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்களை அந்த அக்கவுன்ட்டின் ஒன்டிரைவில் ஏற்றி வைக்கும்படி பெரும்பாலும் ஏற்பாடாகிவிடுகிறது. இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் கண்ணாடியும் பிம்பமும் மாதிரி. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். இலவச இடம் 5 ஜி.பி. மட்டும். நான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டபோது, பழைய செயலாளருக்குக் கூட்டத்தில் நடந்த பேச்சு எப்படியோ எட்டியிருந்தது. முதல் ஒரு நிமிஷம் அவர் பேசவே இல்லை. பிறகு, "என்னங்க சார், நான் போய் சங்கத்துச் சொத்தை எடுப்பேனுங்களா?" என்றார். நான், அதற்காகக் கூப்பிடவில்லை, அண்மையில் போனில் எதையாவது அழித்தீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். இடம் நிரம்பிவிட்டது என்று அவருக்கு மெயில் மேல் மெயிலாக வந்திருக்கிறது. பேத்தியின் படம் ஏற மாட்டேன் என்கிறது. போனில் பார்த்தால் ஏதோ பெரிய ஃபோல்டர், எண் எண்ணாகப் பெயர். தமக்குச் சம்பந்தமில்லாதது என்று அழித்திருக்கிறார். அந்த எண்கள் நம் இதழ்களின் வருஷமும் மாதமும்.

"எத்தனை நாளாச்சு?" என்றேன். "பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்குமுங்க." விரலை விட்டு எண்ணினேன். தனியார் அக்கவுன்ட்டில் அழித்தது ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும். நான் போன் போட்டது பிப்ரவரி 16-ம் தேதி. அவரை அப்போதே, போனை வைக்காமலே, மகளைக் கூப்பிட்டு ஒன்டிரைவைத் திறக்கச் சொன்னேன். ரீசைக்கிள் பின்னில் இருந்தது. ரீஸ்டோர் கொடுத்தார்கள். இங்கே அலுவலகத்தில் ஒவ்வொரு வருஷமாக டெஸ்க்டாப்பில் திரும்பி வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் பொருளாளரும் ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அத்தனையையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம். அப்போது ஒன்று கவனிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் மேகச் சின்னம் உள்ள ஃபைல் இந்த மெஷினில் இல்லை, பெயர்ப் பலகை மட்டும்தான் இருக்கிறது. வலது கிளிக் செய்து, எப்போதும் இந்த மெஷினில் வைத்திரு என்ற வரியைத் தட்டி, பச்சைச் சின்னம் வந்த பிறகுதான் நகல் எடுக்க வேண்டும். அந்த மெஷினில் பேத்தியின் பிறந்த நாள் படங்களும் இருந்தன. அவர் கேட்டுக்கொண்டபடி அவற்றை நீக்கினேன். நீக்கியது ஒன்டிரைவைப் பிரித்த பிறகுதான். முன்னால் நீக்கியிருந்தால் அவருக்கு நாம் அதையே திருப்பிச் செய்தது போல ஆகியிருக்கும்.

இரண்டாவது பூட்டு. இப்போது வரும் பல மெஷின்களில், அக்கவுன்ட்டோடு உள்ளே போனதும் ஹார்ட் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். பூட்டியிருப்பதே தெரியாது. ஆனால் மதர்போர்டில் ஏதாவது மாறினாலோ, பயாஸைப் புதுப்பித்தாலோ, சில சமயம் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். என் லேப்டாப்பில் நடந்தது இதுதான். பெங்களூரில் உள்ள மகன் அவன் அக்கவுன்ட்டில் செட்டப் செய்து கொடுத்தது. நான் பெருமையாக அவன் பெயரை நீக்கிவிட்டு என் பெயரில் லோக்கல் அக்கவுன்ட் ஆக்கினேன். பெயர் போயிற்று, பூட்டு போகவில்லை. பின்னால் ஒரு ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியபோது நீலத் திரை. சாவி மகனின் அக்கவுன்ட்டில் இருந்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதியை அவன் போனில் வாசிக்க, நான் அடித்தேன். ஒரு தடவை 3-க்குப் பதில் 8 அடித்து, மறுபடி முதலிலிருந்து. அவன் அந்த அக்கவுன்ட்டையே வேண்டாமென்று மூடியிருந்தால் என் கணக்கு வழக்கு, பென்ஷன் காகிதங்களின் நகல், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே சமாதி.

ஆகவே பெயரைப் பிரிப்பதற்கு முன், அக்கவுன்ட்டின் சொந்தக்காரர் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ளே போய், அந்த மெஷினுக்கான மீட்புச் சாவியை எடுத்துத் தர வேண்டும். காகிதத்தில் எழுதி, இரண்டு பேர் சரிபார்த்து, பத்திரமாக வைக்க வேண்டும். சங்க மெஷினில் நாங்கள் இன்னொரு படி போனோம். செட்டிங்ஸில் பிரைவஸி அண்டு செக்யூரிட்டி பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷனையே நிறுத்தினோம். மெதுவாகப் பூட்டு அவிழ்ந்தது. அவிழும் வரை மின்சாரம் போகாமல் பார்த்துக்கொண்டோம். பூட்டிய அறையை விட்டு நகராத மெஷினுக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். ரயிலிலும் பஸ்ஸிலும் தூக்கிக்கொண்டு போகிற லேப்டாப் என்றால் பூட்டு இருப்பதே நல்லது. சாவி மட்டும் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது ஆஃபீஸ், அதாவது வேர்ட், எக்செல். மெஷினோடு இலவசமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் தகடு, ஆஃபீஸ் தகடு இல்லை. முதலில் யார் அக்கவுன்ட்டில் ஏற்றினார்களோ அவரோடுதான் அது இருக்கும். பழைய செயலாளர் மனமுவந்து கொடுத்தாலும் சங்கத்துக்கு மாற்ற வழி இல்லை. நாம் லிப்ரே ஆஃபீஸ் போட்டுக்கொண்டோம், காசு கிடையாது. சந்தாப் பட்டியல் திறந்தது. தமிழும் ஒழுங்காக வந்தது. இரண்டு ரசீது வடிவங்களை மட்டும் கோடு சரிசெய்ய வேண்டியிருந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயரைப் பிரிக்கும் வேலை பத்து நிமிஷம்தான். லைசென்ஸைப் பிரிப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது. பலரும் அதைத் தேடி அலைகிறார்கள். செய்ய வேண்டியது இரண்டு முனையிலும் ஒரு வேலை. இந்த முனையில், ஒன்டிரைவைப் பிரித்துவிட்டு, செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் யுவர் இன்ஃபோ என்ற பக்கத்தில், இதற்குப் பதில் லோக்கல் அக்கவுன்ட்டோடு உள்ளே வா என்று பொருள்படும் வரியைத் தட்ட வேண்டும். அடையாளத்துக்கு பின் நம்பரோ பாஸ்வேர்டோ கேட்கும். புதுப் பெயராக சங்கத்தின் பெயரைக் கொடுத்தோம்; புதுப் பாஸ்வேர்டும், மறந்தால் கேட்க மூன்று கேள்விகளும் கொடுத்தோம். ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே அக்கவுன்ட்ஸில் ஈமெயில் பக்கத்தில் பழைய முகவரி மிச்சம் இருந்தால் அதையும் நீக்க வேண்டும். அந்த முனையில், பழைய செயலாளர் தம் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் தளத்துக்குப் போய், டிவைசஸ் என்ற பட்டியலில் நம் மெஷினைத் தேர்ந்து, நீக்கு என்று கொடுத்தார். இந்த வரிசை முக்கியம். அங்கே மட்டும் நீக்கிவிட்டு இங்கே அதே பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தால் மெஷின் மறுபடி பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரீடெயில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் டோக்கன் பந்து உங்கள் கைக்கு வந்துவிடாது. பழைய மெஷினை விற்கிறீர்கள், சாவியைப் புது மெஷினில் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய மெஷினில் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, முன்பு சொன்ன ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, பின் யு, பி, கே என்று அடித்துச் சாவியைக் கழற்ற வேண்டும்.

புதுச் செயலாளர், "என் மெயிலைப் போட்டு மறுபடி இணைத்துவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இணைப்பின் முக்கியப் பயன், மதர்போர்டு போன்ற பெரிய உறுப்பை மாற்றியபின் இது பழைய மெஷின்தான் என்று நிரூபிப்பது. மெஷினோடு வந்த லைசென்ஸ் விதிப்படி அந்த மெஷினைத் தாண்டிப் போகக் கூடாதது. விண்டோஸை அழித்து அதே பதிப்பை மறுபடி போட்டாலும், உறுப்புகள் அதேயாக இருந்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இந்தச் சின்னப் பயனுக்காக இன்னொருவர் பெயரை எழுதி, மூன்று வருஷம் கழித்து அவரையும் கூட்டத்தில் நிறுத்த வேண்டுமா?

மார்ச் மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மெஷினைப் போட்டு ஆக்டிவேஷன் பக்கத்தைக் காட்டினேன். டிஜிட்டல் லைசென்ஸால் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தது. அக்கவுன்ட் பற்றிய பின்பாதி வாசகம் இல்லை. பிப்ரவரியில் பேசிய அந்த மூன்றாமவரே ஸ்பீக்கரைப் போட்டுக் கோயம்புத்தூரைக் கூப்பிட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இங்கே வேண்டாம். சார்ஜ் கொடுத்தேன், சார்ஜ் எடுத்தேன் என்று இரண்டு பேர் கையெழுத்திட்ட தாள் ஒன்று, அந்த ஹார்ட் டிஸ்கோடு, பொருளாளர் பீரோவில் இருக்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். முதல் செட்டப்பில் மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து விண்டோஸ் ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடுகிறது. நாம் சேமிக்கும் ஃபைல்கள் எல்லாம் அதற்குள்தான் போய் உட்காருகின்றன. பெயரைப் பிரித்தாலும் அந்த ஐந்து எழுத்து போகாது. கட்டாயப்படுத்தி மாற்றப் போனால் வேறு கோளாறுகள் வரும் என்கிறார்கள். கூட்டத்தில் கேட்டேன், மாற்ற வேண்டுமா என்று. இருக்கட்டும் சார் என்றார்கள்.